நீராழமும் நீர்மட்டமும்: காரைக்கால் பகுதியின் நிலத்தடி நீர்த்தரவுகளைத் தேடலும் வரைபடமாக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

காரைக்கால் மாவட்டம் காவிரிக் கழிமுகத்தின் கடைமடையில், மூன்று பக்கம் தமிழ்நாட்டு மாவட்டங்களும் ஒரு பக்கம் வங்கக் கடலும் சூழ அமைந்துள்ளது. இப்பகுதியின் நிலத்தடி நீர் குறித்த அளவீடுகளை அரசு நிறுவனங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துள்ளன. அவற்றைத் தேடி எடுக்கும் வழியையும், வரைபடமாக்கும் முன் அவற்றைப் பொருள்கொள்ள வேண்டிய முறையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. தமிழில் ‘நீர்மட்டம்’ என்னும் ஒரே சொல் மூன்று வேறு அளவுகளுக்கு வழங்கிவருவதே பிழையான வாசிப்புகள் பலவற்றுக்கு வித்தாகிறது. தரையிலிருந்து நீர் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதை மட்டும் காட்டும் வரைபடம், கடலோரத்தில் வளமற்ற இடத்தை வளமுள்ளதாகக் காட்டிவிடும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: காரைக்கால், நிலத்தடி நீர், நீராழம், நீர்மட்ட உயரம், கண்காணிப்புக் கிணறு, உவர்நீர் ஊடுருவல், அறிவியல் தமிழ், கலைச்சொல்.

1. முன்னுரை

கிணற்றுநீர் பற்றிய ஓர் எண் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதைக் காவிரி வழக்கின் தீர்ப்பு காட்டியது. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று அளித்த இறுதித் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி., கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என நீர் பகிரப்பட்டது. புதுச்சேரியின் 7 டி.எம்.சி. காரைக்காலுக்கு உரியது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று வழங்கிய தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கை 404.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது, கர்நாடகத்தின் பங்கு 284.75 ஆயிற்று. குறைந்த 14.75 டி.எம்.சி.யில் 10 டி.எம்.சி., தமிழ்நாட்டுக் காவிரிப் படுகையில் கிடைக்கும் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்துக்கொண்டதால் வந்தது. அங்கு 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் உண்டு என்னும் மதிப்பீட்டில் பாதியை நீதிமன்றம் கணக்கிற் சேர்த்தது. காரைக்காலின் 7 டி.எம்.சி. மாறவில்லை.

நிலத்தடி நீர் பற்றிய மதிப்பீடு ஆற்றுநீர்ப் பங்கையே மாற்ற வல்லது என்பது இதனால் புலனாகும். அத்தகைய மதிப்பீட்டுக்கு அடிப்படையான கிணற்று அளவீடுகளை உழவரும் ஊராட்சியினரும் மாணவரும் தாமே படித்தறிய வேண்டிய தேவை கடைமடைப் பகுதிக்கு மிகுதியாக உண்டு. அத்தேவை கருதி எழுந்ததே இக்கட்டுரை.

2. ஆய்வுக்களம்

காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு மாவட்டங்களுள் ஒன்று. பரப்பளவு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். காரைக்கால், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகியவை இதன் உட்பிரிவுகள். அரசலாறு, திருமலைராஜனாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, நண்டலாறு எனக் காவிரியின் கிளைகள் பல இதன் ஊடாகவோ ஓரமாகவோ ஓடிக் கடலை நோக்கிச் செல்கின்றன.

இம்மாவட்டத்தின் எல்லை ஆற்றுப்படுகையைப் பார்த்து வரையப்பட்டதன்று. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்து, 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்த நிலப்பகுதியின் எல்லையே இன்றைய மாவட்ட எல்லை. நிலத்தடியிலோ அவ்வெல்லை இல்லை. காவிரி கொண்டுவந்து படியவைத்த மணலும் களியும் மாறிமாறி அடுக்கிய வண்டற்படிவு மேலே; அதன் கீழே மூன்றாம் ஊழிக் காலத்து மணற்கற்கள். இவ்வடுக்குகள் தரங்கம்பாடிப் பக்கமும் நாகூர்ப் பக்கமும் பேரளம் பக்கமும் தடையின்றித் தொடர்கின்றன. ஆகவே தரவு ஒரு நிர்வாகத்தின் பெயரிலும், அது குறிக்கும் நீர் பல நிர்வாகங்களின் நிலத்தடியிலும் கிடக்கின்றன.

3. ஒரு சொல், மூன்று அளவுகள்

காவிரிக் கழிமுக மக்களின் பேச்சில் நிலத்தடி நீரைக் குறிக்கும் சொல்வளம் நுட்பமானது. கேணி, கிணறு, உறைகிணறு, ஊற்று, ஆழ்துளைக் கிணறு ஆகியன வெவ்வேறு பொருளுடையவை. ‘தண்ணீர் மேலே இருக்கிறது’, ‘கீழே போய்விட்டது’ என்பவை ஆழத்தைச் சொல்பவை. ‘நல்ல தண்ணீர்’, ‘உப்புத் தண்ணீர்’ என்பவை தன்மையைச் சொல்பவை. மேலே இருப்பதும் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல என்னும் தெளிவு இவ்வழக்கிலேயே அமைந்துள்ளது.

அச்சிலும் அறிக்கையிலும் வழங்கும் ‘நீர்மட்டம்’ என்னும் சொல்லில் இத்தெளிவு இல்லை. ‘நிலத்தடி நீர்மட்டம் 3 மீட்டர்’ என்னும் தொடர் மூன்று பொருள் தரக்கூடும். தரையிலிருந்து 3 மீட்டர் கீழே நீர் உள்ளது என்பது ஒன்று. கடல்மட்டத்திற்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் நீர்ப்பரப்பு உள்ளது என்பது மற்றொன்று. ஆழ்ந்த அடுக்கில் அடைபட்டுள்ள நீர், குழாயினுள் அழுத்தத்தால் ஏறி நிற்கும் இடம் 3 மீட்டர் என்பது மூன்றாவது. ‘நீர்மட்டம் 2 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்கு உயர்ந்தது’ என்று எழுதும்போது நீர் உயர்ந்ததா, ஆழம் கூடியதா என்பதே ஐயமாகிறது.

எனவே இக்கட்டுரை மூன்று சொற்களைப் பிரித்து ஆள்கிறது. தரையிலிருந்து கீழ்நோக்கி அளந்தது நீராழம். கடல்மட்டத்திலிருந்து மேல்நோக்கிக் கணித்தது நீர்மட்ட உயரம். அடைபட்ட அடுக்கின் நீர் குழாயில் ஏறி நிற்கும் நிலை அழுத்தமட்டம். நீராழம் கூடினால் நீர்மட்ட உயரம் குறையும். இவ்விரண்டும் எதிரெதிர்த் திசையில் இயங்குபவை. பொதுத்தரவுகளில் பெரும்பாலும் கிடைப்பது நீராழமே.

4. தரவு கிடைக்கும் இடங்கள்

முதல் இடம் மத்திய நிலத்தடி நீர் வாரியம். 1970இல் உருவாகி, 1972இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நிலத்தடி நீர்ப்பிரிவும் இணைந்து வளர்ந்த நிறுவனம் இது. தமிழ்நாடும் புதுச்சேரியும் இதன் சென்னையிலுள்ள தென்கிழக்குக் கடலோர மண்டல அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளன. கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளந்து, நிலத்தடி நீர் ஆண்டறிக்கைகளில் வாரியம் வெளியிடுகிறது. நீர்த்தாங்கிகளின் அடுக்கமைப்பை அறிய 2012இல் தொடங்கப்பட்ட தேசிய நீர்த்தாங்கி வரைபடத் திட்டத்தின் அறிக்கைகள் துணைநிற்கும்.

இரண்டாம் இடம் இந்தியா-வரிஸ் என்னும் தேசிய நீர்வளத் தகவல் தளம். மத்திய நீர் ஆணையமும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து தொடங்கிய இத்தளத்தில் கிணறுவாரியான அளவீடுகளை அட்டவணையாகப் பெறலாம். கையால் அளந்தவையும், தானியங்கிக் கருவிகள் நாளொன்றுக்குப் பலமுறை பதிந்து அனுப்பியவையும் இதில் உள்ளன. மூன்றாம் இடம் மாநில அளவிலான அமைப்புகள்: புதுச்சேரி வேளாண் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவு, தமிழ்நாட்டு நீர்வளத் துறையின் நிலத்தடி நீர்த்தரவு மையம் ஆகியன.

தேடுவோர் இடறும் இடங்கள் இரண்டு. முதலாவது மாநிலப் பெயர். ‘தமிழ்நாடு’ எனத் தெரிவு செய்து தரவிறக்கினால் காரைக்கால் வராது. வரைபடத்தில் அவ்விடம் வெற்றிடமாக நிற்கும். ‘புதுச்சேரி’ எனத் தெரிவு செய்தால் காரைக்கால் வரும், சுற்றுப்புறம் வராது. இரண்டையும் தனித்தனியே எடுத்துப் பின் இணைத்தல் வேண்டும். இரண்டாவது மாவட்டப் பெயர். காரைக்காலைச் சூழ்ந்த ஊர்கள் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தன. அவ்வாண்டு நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தது. 1997இல் திருவாரூரும் 2020இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. ஒரே கிணறு வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு மாவட்டப் பெயரில் பதிவாகியிருக்கக்கூடும். ஆதலால் மாவட்டப் பெயரை நம்பாமல் கிணற்றின் அடையாள எண்ணையும் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளையும் கொண்டு தொடரை இணைப்பதே பொருத்தம். பிரெஞ்சுக்காலப் பெயரெழுத்து முறையும் ஆங்கிலப் பெயரெழுத்து முறையும் கலந்து ஊர்ப்பெயர்கள் பலவாறு எழுதப்பட்டிருப்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

5. அளவீட்டை வாசித்தல்

5.1 காலம்

வாரியத்தின் நான்கு அளவீடுகள் ஜனவரி, கோடை, ஆகஸ்டு, நவம்பர் என அமைகின்றன. கோடை அளவீட்டை மழைக்கு முன்னையதாகவும் நவம்பர் அளவீட்டை மழைக்குப் பின்னையதாகவும் கொள்வது அகில இந்திய வழக்கு. தென்மேற்குப் பருவமழையை நம்பும் பகுதிகளுக்கு இது பொருந்தும். காரைக்காலுக்குப் பெருமழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. இங்கு நவம்பர் அளவீடு மழையின் நடுவில் எடுக்கப்படுவது. ஜனவரி அளவீடே மழைக்குப் பின்னைய நிலையைக் காட்டுவது. அறிக்கையின் தலைப்பை அப்படியே ஏற்று நவம்பர் வரைபடத்தை ‘மழைக்குப் பின்’ என வாசித்தால் மழை தந்த ஊட்டத்தைக் குறைத்து மதிப்பிட நேரும்.

ஆகஸ்டு அளவீட்டில் மழையைவிட வாய்க்கால் முதன்மை பெறுகிறது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படுவதும் ஜனவரி 28இல் மூடப்படுவதும் மரபு. உரிய நாளில் திறந்து கடைமடை வரை நீர் வந்த ஆண்டில், குறுவை வயல்களில் நிற்கும் நீர் கசிந்து கிணறுகளை உயர்த்தும். திறப்புத் தள்ளிப்போன ஆண்டில் அக்கசிவு இராது. ஆழ்துளைக் கிணற்று இறைப்பு மிகும். ஆகவே இரண்டு ஆண்டுகளின் ஆகஸ்டு எண்களை ஒப்பிடுவோர் அணை திறந்த நாளையும் அருகில் குறித்துக்கொள்ள வேண்டும். ஓர் ஆண்டின் ஜனவரியை மற்றோர் ஆண்டின் மே மாதத்தோடு ஒப்பிடுவது எவ்வகையிலும் பொருந்தாது. வாரியம் செய்வதுபோல, ஒரு மாதத்தின் அளவை அதே மாதத்தின் முந்தைய பத்தாண்டுச் சராசரியோடு ஒப்பிடுவதே முறை.

5.2 கிணற்றின் வகை

உறைகிணற்றின் நீர் மேலடுக்கைச் சேர்ந்தது. நூறு மீட்டருக்கும் கீழே இறங்கிய குழாயின் நீர் களிமண் மூடிய ஆழடுக்கைச் சேர்ந்ததாக இருக்கலாம். அடுத்தடுத்து நின்றாலும் அவை வெவ்வேறு நீர்நிலைகளின் அளவைத் தருபவை. இரண்டையும் ஒரே வரைபடத்தில் இட்டுக் கோடு வரைந்தால், இல்லாத ஒரு பள்ளமோ மேடோ தோன்றும். அட்டவணையில் கிணற்றின் வகை, ஆழம், நீர்த்தாங்கி ஆகியவற்றைக் குறிக்கும் பத்திகளைப் பார்த்து முதலில் இனம்பிரிக்க வேண்டும். வகை குறிக்கப்படாத கிணற்றைக் கோடு வரையும் கணக்கில் சேர்க்காமல் விடுதல் நன்று.

5.3 குறியும் சுழியமும்

சில அட்டவணைகளில் எதிர்க்குறி தரைக்கு மேல் பொங்கும் நீரைக் குறிக்கும். வேறு சிலவற்றில் தரைக்குக் கீழுள்ள ஆழமே எதிர்க்குறியோடு தரப்பட்டிருக்கும். இரு மூலங்களை இணைக்குமுன் ஒரே கிணற்றின் ஒரே மாத அளவை இரண்டிலும் பார்த்துக் குறியின் பொருளை உறுதிசெய்ய வேண்டும். சுழியமும் வெற்றுக்கட்டமும் வேறு. வெற்றுக்கட்டம், அன்று அளக்கவில்லை அல்லது கிணறு வறண்டிருந்தது எனப் பொருள்படக்கூடும். அதைச் சுழியமாக நிரப்பினால் வறண்ட கிணறு நிறைந்த கிணறாகிவிடும்.

6. ஆழத்திலிருந்து உயரத்திற்கு

நீர் ஓடும் திசையை நீராழம் காட்டாது. நீர்மட்ட உயரமே காட்டும். தரையின் உயரத்திலிருந்து நீராழத்தைக் கழித்தால் நீர்மட்ட உயரம் கிடைக்கும். விளக்கத்திற்காக இரு கிணறுகளைக் கற்பனையாகக் கொள்வோம். ‘அ’ கடலோரக் கிணறு: தரை உயரம் 3 மீட்டர், நீராழம் 2.4 மீட்டர். ‘ஆ’ உள்நாட்டுக் கிணறு: தரை உயரம் 8 மீட்டர், நீராழம் 5 மீட்டர். நீராழ வரைபடம் ‘அ’வை வளமுள்ளதாகவும் ‘ஆ’வை வளங்குன்றியதாகவும் காட்டும். கழித்துப் பார்த்தால் ‘அ’வின் நீர்மட்ட உயரம் 0.6 மீட்டர், ‘ஆ’வினது 3 மீட்டர். நீர் ‘ஆ’விலிருந்து ‘அ’வை நோக்கி நகர்கிறது, கடலுக்கும் ‘அ’வுக்கும் இடையே காப்பாக நிற்பது 0.6 மீட்டரே.

இச்சிறு உயரத்தின் மதிப்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாதோன் கைபனும், 1901இல் ஹெர்ட்ஸ்பெர்க்கும் கண்டுரைத்த தொடர்பு விளக்குகிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி மிக்கது. ஆதலால் கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும், அதன்பின் உவர்நீர். ‘அ’வில் இவ்வாழம் 24 மீட்டர். இறைப்பால் நீர் அரை மீட்டர் இறங்கினால் அது 4 மீட்டராகிவிடும். நீராழ அட்டவணையில் 2.4 என்பது 2.9 ஆகும், யாரும் அஞ்சமாட்டார்கள். கிணற்றில் உப்பேறுவதோ அந்த அரை மீட்டரில். திறந்த நீர்த்தாங்கிக்கும் அசைவற்ற சமநிலைக்குமே இக்கணக்கு நேராகப் பொருந்தும். களியடுக்குகள் குறுக்கிடும் கழிமுகத்தில் இதனை எச்சரிக்கையாகக் கொள்ளலாமேயன்றி முடிந்த அளவாகக் கொள்ளலாகாது.

இங்கு தரை உயரத்தின் துல்லியம் முதன்மையாகிறது. 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து எடுக்கப்பட்ட உயரத் தரவும், கார்டோசாட்-1 செயற்கைக்கோள் வழிப் பெறப்பட்ட உயரத் தரவும் இலவசமாகக் கிடைக்கின்றன. இவை மரமுடியையும் கூரையையும் தரையென எடுத்துக்கொள்வதுண்டு; பிழை சில மீட்டர் வரை செல்லும். மேட்டுநிலத்தில் அது பொறுக்கத்தக்கது. கடல்மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்த காரைக்காலில் 3 மீட்டர் பிழை, 0.6 என்பதை 3.6 ஆகவும் ஆக்கும், கடல்மட்டத்திற்குக் கீழே 2.4 ஆகவும் ஆக்கும். எனவே ஊருக்கு அருகிலுள்ள நில அளவை மட்டக்குறிகளிலிருந்து கிணற்றுத் தரையை மட்டக்கருவியால் அளப்பதே தக்கது. கைபேசி காட்டும் உயரத்தைப் பயன்படுத்துவோர் மற்றொன்றை அறிதல் வேண்டும். செயற்கைக்கோள் வழிப் பெறும் மூல உயரம், கணிதவடிவிலான நீள்வட்டக் கோளத்திலிருந்து அளக்கப்படுவது. தென்னிந்தியக் கடற்கரையில் உண்மையான கடல்மட்டம் அக்கோளப் பரப்புக்கு 80 முதல் 100 மீட்டர் வரை கீழே உள்ளது. திருத்தாமல் எடுத்தால் காரைக்கால் நகரமே கடலுக்கு அடியில் இருப்பதாக விடை வரும்.

7. தன்மைத் தரவை இணைத்தல்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கடற்கரையின் ஆழமற்ற கிணறுகள் உவர்ந்தன. கடல்நீர் புகுந்த கிணற்றில் நீராழம் குறையும். அட்டவணை அதனை நலமெனவே காட்டும். ஆகவே நீராழத்தோடு மின்கடத்துதிறன், குளோரைடு ஆகிய தன்மை அளவுகளையும் ஒரே கிணற்றுக்கு இணைத்துப் பார்ப்பது இன்றியமையாதது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரத்தின்படி குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்புடையது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1000 வரை பொறுக்கத்தக்கது. தன்மை ஆய்வு நீராழத்தைப் போல ஆண்டுக்கு நான்கு முறை நடைபெறுவதன்று. பெரும்பாலும் கோடையில் ஒருமுறை எடுத்த மாதிரியே கிடைக்கும். ஜனவரி நீராழத்தோடு மே மாத உப்பளவை ஒட்டும்போது இரண்டின் நாளையும் வரைபடத்திலேயே எழுதிவிட வேண்டும்.

நிலத்தடி நீர்வள மதிப்பீட்டில் இறைப்பு, கிடைக்கும் அளவில் 70 விழுக்காட்டிற்குள் இருப்பின் பாதுகாப்பானது எனவும், 100ஐக் கடந்தால் மிகை இறைப்பு எனவும் வகைப்படுத்துவர். உவர்நீர்ப் பகுதி தனி வகை. இவ்வகை ஓர் அலகு முழுவதற்கும் உரியது. ‘பாதுகாப்பானது’ என்னும் சொல் திருநள்ளாற்று வயலுக்கும் கடலோர மணல்மேட்டுக்கும் ஒரே பொருள் தராது. கிணறுவாரி வரைபடத்தின் தேவை இங்கேதான் எழுகிறது.

8. வரைபடமாக்கல்

கியூஜிஐஎஸ் போன்ற கட்டணமில்லா மென்பொருளில் புள்ளிகளை ஏற்றினால் இடைக்கணிப்பு முறையால் சமமட்டக் கோடுகளைக் கணினியே வரைந்துவிடும். கிணறே இல்லாத இடத்திலும் அது வண்ணம் தீட்டும் என்பதை மறத்தலாகாது. காரைக்கால் எல்லைக்குள் உள்ள சில கிணறுகளை மட்டும் கொண்டு வரைந்தால், ஓரங்களில் கோடுகள் ஊகத்தால் வளையும். எல்லைக்கு அப்பால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவு வரையுள்ள தமிழ்நாட்டுக் கிணறுகளையும் சேர்த்து வரைந்து, இறுதியில் மாவட்ட எல்லையால் வெட்டியெடுப்பதே சரியான வரிசை. கிழக்கே கடற்கரையைச் சுழிய உயரமாகக் கொள்ளலாம். முகத்துவாரத்தில் ஓதநீர் ஏறும் ஆற்றுப்பகுதிகளைத் தனியே குறித்தல் வேண்டும். ஓர் அடுக்குக்கு உரிய கிணறுகள் ஐந்தாறே உள்ளன என்றால் கோடு வரையாது, ஒவ்வொரு கிணற்றையும் வட்டமாக இட்டு அருகில் எண்ணை எழுதுவதே நேர்மையான வரைபடம்.

9. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் கருத்துகள் பின்வருவன.

அ. ‘நீர்மட்டம்’ என்னும் பொதுச்சொல்லை நீராழம், நீர்மட்ட உயரம், அழுத்தமட்டம் எனப் பிரித்து வழங்குவது அறிவியல் தமிழுக்கு உடனடித் தேவை.

ஆ. காரைக்காலின் தரவைப் புதுச்சேரி, தமிழ்நாடு ஆகிய இரு பெயரிலும் தேடி, கிணற்று அடையாளத்தால் இணைக்க வேண்டும்.

இ. வடகிழக்குப் பருவமழைப் பகுதியில் ஜனவரி அளவீட்டையே மழைக்குப் பின்னைய நிலையாகக் கொள்ள வேண்டும். ஆகஸ்டு அளவீட்டை மேட்டூர் திறப்போடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

ஈ. கடலோரத்தில் நீராழ வரைபடம் தனித்து நிற்கலாகாது; நீர்மட்ட உயரமும் உப்பளவும் உடன் வர வேண்டும்.

உ. தரை உயரத்தின் பிழையளவை வரைபடத்திலேயே குறிப்பிடாத சமமட்டக் கோடுகள் நம்பத்தக்கன அல்ல.

நீர் மேலே நிற்கிறது என்பதால் நீர் இருக்கிறது என்றோ, இருக்கிறது என்பதால் அது குடிக்கவும் பாய்ச்சவும் ஆகும் என்றோ கொள்ளலாகாது. இவ்வேறுபாட்டைக் காட்டும் வரைபடம் கடைமடை ஊர்களின் கையில் இருக்குமாயின், அவர்தம் நிலத்தடி நீர் எங்கோ ஓர் அவையில் ஓர் எண்ணாக எடுத்துரைக்கப்படும்போது, அவ்வெண் எவ்வகைக் கிணற்றினது, எம்மாதத்தது, எத்தன்மையது என வினவும் ஆற்றல் அவர்க்கு உண்டாகும்.